சுடுதண்ணி இலவசம்: மின்நிலைய வாசலில் இறால் வளர்த்த கதை

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ட்ரென்டன் நகரத்தை ஒட்டி, டெலவேர் ஆற்றங்கரையில் மெர்சர் என்று ஒரு அனல்மின்நிலையம் இருந்தது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிற சாதாரண நிலையம்தான். 1970களின் நடுவில் அங்கேயே குளமும் தொட்டியும் கட்டி, நம்ம ஊர் ஏற்றுமதிக்காரர்கள் 'ஸ்கேம்பி' என்று சொல்கிற நன்னீர் ராட்சத இறாலை வளர்த்துப் பார்த்தார்கள். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வெதுவெதுப்பான ஆறுகளில் வாழ்கிற ஜீவன் அது. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் செத்தே போய்விடும். ட்ரென்டனிலோ ஜனவரியில் ஆற்றில் பனிக்கட்டி மிதக்கும். அந்த ஊரில் இந்த இறாலுக்கு என்ன வேலை?

பதில் ஒரே வரிதான்: மின்நிலையம் வேண்டாமென்று கொட்டுகிற சுடுதண்ணீர். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னாடி ஒரு அறுபது வருஷக் கதை இருக்கு. இறால், சிங்கி இறால், கெண்டை, முதலை என்று நிறைய பாத்திரங்கள். பதிவு கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதலில் இந்தச் சுடுதண்ணி எங்கேயிருந்து வருது? இன்ஜினியரிங்கில் தெர்மோடைனமிக்ஸ் பேப்பரை எப்படியோ தாண்டி வந்து இப்போ கோட் அடிச்சுக்கிட்டு இருக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். அதனால் எனக்குப் புரிந்த அளவில் சொல்றேன். நிலக்கரியோ யுரேனியமோ, எதை வைத்தாவது தண்ணீரைக் கொதிக்க வைக்கிறார்கள். நீராவி போய் டர்பைனைச் சுற்றுகிறது. சுற்றி முடித்த நீராவியை மறுபடியும் தண்ணீராக்கினால்தான் அடுத்த சுற்றுக்கு அனுப்ப முடியும். அப்படிக் குளிர வைக்கிற இடத்துக்குப் பேர் கண்டென்சர். ஆயிரக்கணக்கான குழாய்கள், அவற்றுக்குள்ளே ஆற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ ஓடும். நீராவி தன் சூட்டையெல்லாம் அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு அடங்கும். சூடு வாங்கின தண்ணீர் திரும்ப ஆற்றுக்கே போகும்.

எவ்வளவு சூடு? இங்கேதான் நமக்கு வயிறு எரியும். அணுமின்நிலையத்தில் உண்டாகிற வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இரண்டு பங்கும் தண்ணீரோடு போகிறது. நிலக்கரி கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000 மெகாவாட் மின்சாரம் தருகிற அணு உலை சுமார் 2000 மெகாவாட் வெப்பத்தைக் கழிக்கணும். தண்ணீர் 10 டிகிரி மட்டுமே சூடேறலாம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 48 டன் தண்ணீர் வேணும். நம்ம ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரி நாலு. ஒவ்வொரு விநாடிக்கும், ராத்திரி பகலா.

இவ்வளவு சூட்டை வைத்து வேறு ஏதாவது செய்யலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். பிரச்சினை என்னவென்றால், அளவு பெரிசு, தரம் மட்டம். வெளியே வருகிற தண்ணீர் 25, 30 டிகிரி இருக்கும். அதை வைத்து ஒரு டீ கூடப் போட முடியாது. குழாய் போட்டு ஊருக்குள் கொண்டுபோய் வீடுகளைச் சூடாக்கலாம் என்றால், போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். இன்னும் சூடாகத் தண்ணீர் வேணும்னா டர்பைனில் இருந்து நீராவியைச் சீக்கிரமே உருவணும். அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். ஆக, 25 டிகிரி வெதுவெதுப்பு யாருக்குச் சொர்க்கம் என்று யோசித்தால் ஒரே பதில்தான் வரும். மீனுக்கு! மீன், இறால், சிப்பி எல்லாம் குளிர் ரத்தப் பிராணிகள். சுற்றியிருக்கிற தண்ணீரின் சூடுதான் அவற்றின் உடம்புச் சூடு. தண்ணீர் சூடானால் (ஒரு அளவு வரைக்கும்) பசி கூடும், தீனி கூடும், வளர்ச்சியும் கூடும். குளிர்நாட்டு மீன் ஆறு மாசம் சும்மா அடங்கிக் கிடக்கும். அந்த ஆறு மாசத்தையும் வளரும் காலமாக மாற்றிவிட்டால்?

இந்த யோசனை சூடு பிடித்தது 1960களில். (சிலேடை தானா வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க :-)) காரணம் விஞ்ஞான ஆர்வம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் அப்போது மின்நிலையங்கள் மளமளவென்று பெரிசாகிக்கொண்டிருந்தன. ஆறுகள் சூடாவதைப் பார்த்துச் சுற்றுச்சூழல்காரர்கள் 'வெப்ப மாசு' என்று குரல் எழுப்பினார்கள். மாசு என்கிற வார்த்தை மின்சாரக் கம்பெனிகளுக்குப் பிடிக்குமா? 'இது மாசு இல்லை, ஊட்டம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சாயாமல் கேலிஃபாக்‌ஷன் என்று ஒரு பழைய சொல்லையும் சிலர் தூசி தட்டி எடுத்தார்கள். 'சூடேற்றல்' என்பதற்கு மேல் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. ஆற்றைச் சூடாக்குகிறோம் என்று ஒப்புக்கொள்வதை விட, மீன் வளர்க்கிறோம் என்று சொல்வது பத்திரிகையில் எவ்வளவு அழகாக வரும்! இந்த ஆராய்ச்சிகளுக்கு மின்சாரக் கம்பெனிகள் கை கொடுத்ததில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அதற்காக ஆராய்ச்சி செய்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று அர்த்தம் இல்லை. அவர்கள் உண்மையிலேயே நம்பி இறங்கினவர்கள்.

பிரிட்டனில் கதை வேற மாதிரி. அங்கே ஐல் ஆஃப் மேன் தீவில் போர்ட் எரின் என்கிற ஊரில், ப்ளெய்ஸ் என்ற தட்டை மீனை முட்டையிலிருந்து குஞ்சாக்கி வளர்க்கிற வித்தையை ஷெல்போர்ன் என்ற அரசாங்க விஞ்ஞானி பிடித்து வைத்திருந்தார். குஞ்சு கிடைச்சாச்சு, எங்கே வளர்ப்பது? ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஹன்டர்ஸ்டன் அணுமின்நிலையம் 1964-ல் ஓட ஆரம்பித்திருந்தது. வெள்ளைமீன் ஆணையம் என்கிற அரசு அமைப்பு அதன் வெளியேற்று நீரில் ப்ளெய்ஸ், சோல் (நம்ம நாக்கு மீனுக்குச் சொந்தம்) எல்லாம் வளர்த்துப் பார்த்தது. கடலில் மூணு நாலு வருஷம் ஆகிற வளர்ச்சி ரெண்டே வருஷத்துக்குள் முடிந்தது. அணு உலைத் தண்ணீரில் வளர்ந்த மீனை யார் சாப்பிடுவாங்கன்னு கேட்காதீங்க. உலைக்குள் சுற்றுவதும் கண்டென்சர் குழாய்க்குள் ஓடுகிற கடல் தண்ணீரும் வேற வேற வழி, ஒன்றோடொன்று கலக்காது.

வளர்ச்சி வந்தது சரி, வரவு வந்ததா? ப்ளெய்ஸ் மலிவான மீன். படகில் போய்ப் பிடித்து வருகிறவனோடு தொட்டியில் வளர்க்கிறவன் விலையில் போட்டி போட முடியவில்லை. பிறகு அதே இடத்தில் விலை உயர்ந்த டர்பாட் மீனுக்கு மாறினார்கள். சூடு இலவசம் என்பதால் மட்டும் லாபம் வந்துவிடாது என்ற பாடம் முதலில் கிடைத்தது இங்கேதான். பெரும்பாலான மீன் பண்ணைகளில் பெரிய செலவு தீனிதான். அதை எந்த மின்நிலையமும் இலவசமாகத் தருவதில்லை.

விலை உயர்ந்த பிராணி என்றதும் எல்லார் கண்ணும் சிங்கி இறால் மேல் போனது. அமெரிக்க அட்லாண்டிக் சிங்கி இறால் கடலில் ஒரு பவுண்டு எடை வர ஆறேழு வருஷம் ஆகும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அரசு சிங்கி இறால் குஞ்சு பொரிப்பகத்தை நடத்திவந்த ஜான் ஹியூஸ், குளிர்காலமே இல்லாமல் தண்ணீரை 20 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் ரெண்டு வருஷத்தில் அந்த எடை வரும் என்று காட்டினார். 1972-ல் இது 'சயின்ஸ்' பத்திரிகையில் வெளியானது. உடனே கலிஃபோர்னியாவில் சான்டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கார்ல்ஸ்பாடில் இருந்த என்சினா மின்நிலையத்தின் வெதுநீரில் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அட்லாண்டிக் பிராணியை பசிஃபிக் கரைக்குக் கொண்டுவந்து, அதற்கு மின்நிலையத்தின் சூட்டைக் கொடுத்து வளர்ப்பது! வளரவும் செய்தது. ஆனா சிங்கி இறாலுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒன்றை ஒன்று தின்னும். ஓடு கழற்றி மெத்தென்று கிடக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை கட்டணும், தனித்தனியாகத் தீனி போடணும், தனித்தனியாகச் சுத்தம் செய்யணும். ஹாஸ்டல் நடத்துகிற செலவு. சூட்டில் மிச்சம் பிடித்தது அறை வாடகையில் போச்சு.

இப்போ மெர்சருக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

நன்னீர் ராட்சத இறாலைப் பண்ணையில் வளர்க்க முடியாமல் இருந்ததற்குக் காரணம் அதன் குஞ்சு. தாய் ஆற்றில் வாழும், ஆனா குஞ்சுகள் நன்னீரில் பிழைக்காது. பினாங்கில் வேலை பார்த்த ஷாவ்-வென் லிங் என்கிற விஞ்ஞானி 1960களின் தொடக்கத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்தார். குஞ்சுக்கு முதல் சில வாரம் உப்புக் கலந்த தண்ணீர் வேணும், அதற்கப்புறம்தான் ஆறு. மலேசியாவிலிருந்து சில டஜன் இறால்கள் 1965-ல் ஹவாய்க்குப் போயின. அங்கே தகுஜி ஃபுஜிமுரா என்பவர் குஞ்சுகளைப் பெரிய அளவில் உற்பத்தி செய்கிற முறையை உருவாக்கினார். அதற்கப்புறம் இந்த இறால் உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

1973-ல் எண்ணெய் நெருக்கடி. எரிபொருளில் ஒரு துளியும் வீணாகக்கூடாது என்று அமெரிக்காவே பேசிக்கொண்டிருந்த நேரம். தேசிய அறிவியல் அறக்கட்டளையில் நாட்டுக்குத் தேவையான ஆராய்ச்சி என்று தனியாக ஒரு நிதித் திட்டம் இருந்தது. அந்தப் பணத்தில் மெர்சரை நடத்திய மின்சாரக் கம்பெனி, ட்ரென்டன் மாநிலக் கல்லூரி, ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து இறங்கினார்கள். கூட்டாளிகளில் லாங் ஐலண்ட் ஆய்ஸ்டர் ஃபார்ம்ஸ் என்கிற கம்பெனியும் உண்டு. அவர்கள் ஏற்கெனவே நியூயார்க் பக்கம் நார்த்போர்ட் மின்நிலையத்தின் வெதுநீரில் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்துப் பழகியிருந்தவர்கள்.

டெலவேர் ஆற்றில் ஒரு சிக்கல். மின்நிலையம் எவ்வளவு டிகிரி கூட்டினாலும், ஆறு எந்த டிகிரியில் ஆரம்பிக்கிறதோ அதற்கு மேல்தான் கூட்டும். கோடையில் கூட்டினால் வெப்பமண்டலம். குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீரை எவ்வளவு கூட்டினாலும் இறாலுக்குப் பத்தாது. இந்த இடத்தில் நம்மில் நிறையப் பேர் 'அப்போ ஹீட்டர் போடு' என்று கிளம்பியிருப்போம். அவர்கள் பிராணியை மாற்றினார்கள்! கோடையில் இறால். குளிர் வந்ததும் இறாலை அறுவடை செய்துவிட்டு, அதே குளத்தில் ட்ரௌட் மீன். பனியில் உறைய வேண்டிய தண்ணீர் சில டிகிரி ஏறினால் ட்ரௌட்டுக்கு அதுவே பிரமாதமான வளரும் பருவம். சம்பா, குறுவை மாதிரி இருபோகம். இறாலுக்கு ஒரு போகம், ட்ரௌட்டுக்கு ஒரு போகம். இதுக்கு டைசீசனல் என்று ஒரு பேரும் வைத்தார்கள். வருகிற சூட்டை நம் விருப்பத்துக்கு வளைக்காமல், வருகிற சூட்டுக்கு ஏற்ற ஜீவனைத் தேடியது எனக்கு ரொம்ப நேர்த்தியான டிசைனாகப் படுகிறது.

ஆனா இந்த டிசைனிலும் ஒரு இடத்தில் அவர்கள் கை வைக்க முடியாது. அது மின்நிலையத்தின் ஸ்விட்ச்.

மின்நிலையம் மீனுக்காக ஓடுவதில்லை. மின்சாரத்துக்காக ஓடுகிறது. கொதிகலனில் குழாய் வெடித்தால் நிறுத்துவார்கள். தேவை குறைந்தால் குறைப்பார்கள். வருஷாந்திரப் பராமரிப்புக்கு வாரக்கணக்கில் மூடுவார்கள். கண்டென்சர் குழாய்களில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கக் குளோரின் விடுவார்கள். குழாய்க்கு அது மருந்து, இறாலுக்கு விஷம். குழாய் செம்புக் கலவையாக இருந்தால் இன்னொரு தொல்லை. மேரிலாந்தில் சாக் பாயின்ட் மின்நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைத்த சிப்பிகள் செம்பை உறிஞ்சிப் பச்சை நிறமாக மாறிய விஷயம் 1960களின் கடைசியிலேயே பதிவாகியிருக்கிறது. தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கிற காற்று வெளியேறப் பார்க்கும், இல்லையா? அதுவும் மீனைக் கொல்லும். ஆழ்கடலில் முங்குகிறவர்களுக்கு ரத்தத்தில் குமிழி வருகிற மாதிரி மீனுக்கும் வரும். 1973-ல் மாசசூசெட்ஸ் கரையில் பில்கிரிம் அணுமின்நிலையத்தின் வெளியேற்று நீரில் ஏராளமான மீன்கள் இப்படிச் செத்தன.

எல்லாவற்றையும் விட மோசம் திடீர் குளிர். நியூஜெர்சியிலேயே, கடற்கரைப் பக்கம், ஆய்ஸ்டர் க்ரீக் அணுமின்நிலையம் 1969 கடைசியில் ஓட ஆரம்பித்தது. மென்ஹேடன் என்கிற மீன், நம்ம மத்திக்குச் சொந்தம், இலையுதிர்காலத்தில் தெற்கே கிளம்பிப் போவது வழக்கம். மின்நிலையத்தின் வாய்க்காலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால் ஒரு கூட்டம் போகாமலேயே தங்கிவிட்டது. சௌகரியமாக இருக்கே, ஏன் போகணும்? 1972 ஜனவரியில் உலையை நிறுத்தினார்கள். வாய்க்கால் குளிர்ந்தது. வெளியே கடலும் குளிர். போக இடமில்லை. பெருங்கூட்டமாகச் செத்து மிதந்தன. இது பண்ணை மீன் கூட இல்லை, தானாக வந்து மாட்டிக்கொண்டவை. மீன் பண்ணை என்பது அதே வாய்க்காலில் வேலி போட்டு அடைத்து வைப்பது. வேலிக்குள் இருப்பவனுக்கு ஓடிப்போகிற வழி கூட இல்லை.

நம்ம தொழிலில் இதுக்கு 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெய்லியர்' என்று பேர். உங்க சர்வீஸ் முழுக்க வேற ஒரு டீமின் சர்வரை நம்பி ஓடுகிறது. அந்த டீமுக்கு நீங்க இருக்கிறதே ஞாபகம் இல்லை. எப்போ ரீஸ்டார்ட் பண்ணுவாங்கன்னு உங்களுக்கு மெயில் வராது.

இதை உலகத்திலேயே பெரிய அளவில் பார்த்த இடம் எது என்று யோசித்தால் செர்னோபிலைத்தான் சொல்வேன். ஆமா, அதே செர்னோபில்தான். பிரிப்யாத் ஆற்றை ஒட்டிக் கரை கட்டி, சுமார் 22 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு குளிர்விப்பு ஏரி வெட்டினார்கள். உலைகள் அதில் சூட்டைக் கொட்டின. அந்த ஏரியில் கூண்டு கட்டி மீன் பண்ணையும் நடத்தினார்கள். கெண்டை, வெள்ளிக் கெண்டை, அமெரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி வகை எல்லாம் அதில் இருந்தன. சோவியத் நாட்டில் வேறு பல மின்நிலையங்களிலும் வெதுநீர்ப் பண்ணைகள் உண்டு. மின்சாரத்தோடு மீனும் என்பது அவர்களுடைய திட்டக்கணக்கில் நன்றாகப் பொருந்துகிற விஷயம்.

1986 ஏப்ரல் 26-க்கு அப்புறம் அந்த மீனை யாரும் சாப்பிட முடியாது. சீசியம்-137 ஏரியின் அடிமண்ணில் போய் உட்கார்ந்தது. அதன் அரை ஆயுள் 30 வருஷம். பண்ணைக் கெண்டைகள் திடீரென்று ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டன. கதிர்வீச்சில் தப்பிப் பிழைத்த வெள்ளிக் கெண்டைகளின் இனப்பெருக்க உறுப்புகளில் என்ன கோளாறு வருகிறது என்று விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் பார்த்தார்கள். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், மற்ற உலைகள் அதற்குப் பிறகும் ஓடின. கடைசி உலையை நிறுத்தியது 2000 டிசம்பர் 15. அன்றைக்குத்தான் ஏரியின் சூடு நின்றது. ஏரியின் மட்டம் ஆற்றை விட சில மீட்டர் உயரம். தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், பம்ப் வைத்து நிரப்பிக்கொண்டே இருக்கணும். 2014-ல் பம்பையும் நிறுத்தினார்கள். ஏரி வடிந்து சின்னச் சின்னக் குட்டைகளாகப் பிரிந்தது. முதலில் சூடு போச்சு, அப்புறம் தண்ணியே போச்சு. நெட்டில் சுற்றுகிற ராட்சதக் கெளுத்தி போட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. கதிர்வீச்சால் பூதாகாரமாகவில்லை. அது வெல்ஸ் கெளுத்தி, இயல்பிலேயே ஆள் உயரத்துக்கு மேல் வளரும். யாரும் பிடிக்காததால் நிம்மதியாக வளர்ந்தது, அவ்வளவுதான்.

அப்போ இந்த யோசனை எங்கேயுமே வேலை செய்யலையா? செய்தது. பிரான்சின் வடகரையில், டன்கிர்க் பக்கத்தில், கிராவ்லீன் அணுமின்நிலையம். 1980களில் அதன் வெதுநீரை வைத்து அக்வாநார் என்று ஒரு பண்ணை தொடங்கினார்கள். மத்தியதரைக் கடல் ரெஸ்டாரன்ட்களில் விலை போகிற சீ பாஸ், சீ ப்ரீம் மீன்களை வடகடல் குளிரில் வளர்த்து, பல பத்தாண்டுகள் வியாபாரமாகவே ஓட்டினார்கள். என்ன ரகசியம்? என் கணிப்பு, கிராவ்லீனில் உலை ஒன்றல்ல, 6. பராமரிப்புக்கு ஒன்றிரண்டை நிறுத்தினாலும் மீதி ஓடும். வெதுநீர் நிற்காது. ரிடண்டன்சி!

அதுக்கும் ஒரு நாள் வந்தது பாருங்க. 2025 ஆகஸ்டில் ஜெல்லிமீன் கூட்டம் ஒன்று தண்ணீர் உறிஞ்சும் வழியில் வந்து அடைத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த 4 உலைகள் தானாக நின்றன. மீதி 2 ஏற்கெனவே பராமரிப்பில். மொத்த நிலையமும் பூஜ்யம். இது ஆகஸ்ட், குளிர் கிடையாது. இதே ஜனவரியாக இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்க. (ஜெல்லிமீன் தொல்லை நம்ம கல்பாக்கத்துக்கும் ரொம்ப நாள் பழக்கம். அதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது.)

அதே பிரான்சில் பியர்லாத் என்கிற ஊரில் 1994-ல் ஒரு முதலைப் பண்ணை திறந்தார்கள். பண்ணை என்றால் தோலுக்காக இல்லை, பார்வையாளர்கள் வருகிற பூங்கா. பக்கத்திலேயே த்ரிகாஸ்தானில் யுரேனியம் செறிவூட்டும் ஆலை. அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் தேவை, அதனால் ஏகப்பட்ட கழிவுச் சூடு. நூற்றுக்கணக்கான முதலைகள் அந்தச் சூட்டில் சுகமாக வெயில் காய்ந்தன. 2012-ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். மின்சாரத்தை அவ்வளவு விழுங்காத புது முறை வந்துவிட்டது. உலகத்துக்கு நல்ல செய்திதான். முதலைகளுக்கு வேறு இடத்திலிருந்து சூடு தேட வேண்டியதாயிற்று. இங்கே யாரும் தப்பு செய்யவில்லை, விபத்தும் இல்லை. கழிவு குறைந்தது, கழிவை நம்பி இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

சூடு நின்றால் பிரச்சினை என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். நிற்காமல் ஓடினாலும் ஒரு பிரச்சினை உண்டு. போலந்தில் கோனின் என்ற ஊரில் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்கள் 1950களின் கடைசியிலிருந்து ஐந்து ஏரிகளைச் சூடாக்கின. குளிர்காலத்திலும் உறையாத ஏரிகள். கெண்டை வளர்க்க வசதி. வெளியிலிருந்து கொண்டுவந்த ஆசியக் கெண்டைக் குஞ்சுகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு சீனக் குளத்து மட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. கை அகலத்துக்கு வளர்கிற ராட்சத மட்டி. போலந்தில் அது முதலில் கால் ஊன்றியது இந்த ஏரிகளில்தான். 1980களில் கண்டுபிடித்தார்கள். வெதுநீர் அதற்கு ஒரு வெயிட்டிங் ரூம் மாதிரி. உட்கார்ந்து பழகி, பிறகு வெளியேயும் பரவியது.

க்ரேஃபிஷ் விஷயத்திலும் இந்தப் பயம்தான். சிங்கி இறாலின் குட்டித் தம்பி மாதிரி, நன்னீரில் வாழ்கிற பிராணி. ஐரோப்பாவில் அதற்கு மவுசு ஜாஸ்தி. ஆனா 1860 வாக்கில் வந்த ஒரு பூஞ்சை மாதிரியான கொள்ளைநோய் உள்ளூர் க்ரேஃபிஷ்களை நாடு நாடாகத் துடைத்துப் போட்டது. அதனால் வெளியிலிருந்து வேறு இனம் கொண்டுவருகிற ஆசை அங்கே என்றைக்கும் அடங்கவில்லை. ரெட்கிளா என்று வட ஆஸ்திரேலியாவின் க்ரேஃபிஷ் ஒன்று உண்டு. சீக்கிரம் வளரும், சண்டை குறைவு. ஹாஸ்டல் அறை தேவைப்படாத சிங்கி இறால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெதுநீர்ப் பண்ணைக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. 10 டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும் என்பதால் தப்பித்தாலும் ஐரோப்பாவில் பிழைக்காது, பயமில்லை என்று ஒரு வாதம் இருந்தது. 2009-ல் ஸ்லோவேனியாவில், வெந்நீர் ஊற்று விடுதிகளின் தண்ணீர் கலக்கிற ஒரு பழைய ஆற்றுக் கிளையில், அது குடும்பம் குட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பனி, நடுவில் வெதுவெதுப்பாக ஒரு துண்டுத் தண்ணீர். அது போதும் அதுக்கு. (சிங்கப்பூர் நண்பர்களே, உங்க க்ராஞ்சி நீர்த்தேக்கத்திலும் இதே ரெட்கிளாதான். அங்கே வெயிலே இலவசம், மின்நிலையம் தேவைப்படவில்லை.)

இந்தக் கதையில் வந்த மின்நிலையங்கள் வரிசையாக மூடப்பட்டுவிட்டன. மெர்சர் 2017-ல். ஆய்ஸ்டர் க்ரீக் 2018 செப்டம்பரில், என்சினா அதே வருஷம் டிசம்பரில். ஹன்டர்ஸ்டனில் பழைய நிலையம் 1990-ல் நின்றது, பக்கத்தில் கட்டிய இரண்டாவது நிலையம் 2022 ஜனவரியில். கலிஃபோர்னியாவில் கடல் தண்ணீரை ஒரு தடவை உறிஞ்சி அப்படியே துப்புகிற முறையைப் படிப்படியாக ஒழிக்க 2010-லேயே விதி வந்துவிட்டது. உறிஞ்சும்போது உள்ளே போகிற முட்டையும் குஞ்சும் சாகின்றன என்பது முக்கியக் காரணம். ஒரு பக்கம் மீன் வளர்த்த அதே தண்ணீர் இன்னொரு பக்கம் மீனைக் கொன்றுகொண்டும் இருந்திருக்கிறது.

சூடு மட்டும் தீரவில்லை, இடம் மாறிவிட்டது. நார்வேயில் ஸ்டவாங்கர் பக்கத்தில் கிரீன் மவுண்டன் என்ற கம்பெனியின் டேட்டா சென்டர், கடல் நீரை வைத்து சர்வர்களைக் குளிர வைக்கிறது. 8 டிகிரியில் உள்ளே போகிற தண்ணீர் 20 டிகிரியில் வெளியே வருகிறது. ஜான் ஹியூஸின் சிங்கி இறாலுக்கு வேண்டியிருந்தது கிட்டத்தட்ட இதே சூடுதான். 2021-ல் ஒரு சிங்கி இறால் பண்ணையோடு கூட்டு சேர்வதாக அறிவித்தார்கள். ஒவ்வொரு இறாலுக்கும் தனி அறை, தீனி போடுவது ரோபோ. என்சினாவில் செலவு கையைக் கடித்த அதே ஹாஸ்டல்தான், வார்டன் மட்டும் மாறியிருக்கிறார் :-)

நாம ராத்திரி ரெண்டு மணிக்கு டெப்ளாய் பண்றோம்னு பத்து டீமுக்கு மெயில் போடுவோமே, அந்த லிஸ்டில் இறால் பண்ணைக்காரரை யார் சேர்ப்பாங்கன்னுதான் எனக்கு யோசனை.